பைபாஸ்

டிசம்பர். மூன்றரைக்கே இருட்டிவிட்டது வில்யாந்தியில்.
ஹெய்னோ கோட்டைக் கழற்றவில்லை;
தோளில் இருந்த பனி உருகி
என் தரைவிரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.
இருபத்து மூன்று பெண்கள் தேவாலயத்தில் பாடியது
திரையில் ஒரே நீலப் புழுவாகப் படுத்திருந்தது.
“இதிலிருந்து சால்மேயை எடுத்துவிடு” என்றார்.

சால்மே லூக். இரண்டாம் எண் பேருந்தை ஓட்டுகிறவள்.
ஆல்ட்டோ, பின்வரிசை, தூணை ஒட்டி.
சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே நிற்பவள்.
“மயிரிழையா? ஒரு படிக்கட்டு” என்றார் ஹெய்னோ,
கோரஸை நடத்துகிறவர்.

இரண்டே மைக், இருபத்து மூன்று வாய்.
குழம்பில் கரைந்த உப்பைக் கல் கல்லாகப்
பொறுக்கித் தரச் சொல்கிறீர்கள் என்றேன்.
நூற்றிருபது யூரோ பேசியிருக்கிறோம் என்றார்.

ஈக்வலைஸரைத் திறந்தேன்.
சமவெளிபோல் ஒரு கோடு.
புள்ளியொன்றைப் பிடித்து மேலே இழுத்தால்
அங்கே ஊசிமலை எழும்பும்.
மலையை இடமிருந்து வலமாக நகர்த்திப் போக வேண்டும்;
காது எங்கே சுளிக்கிறதோ அங்கே குற்றம்.
அப்புறம் அதே மலையைக் கவிழ்த்துக் கிணறாக்கலாம்.
இதுதான் தொழில்:
ஒழிக்க நினைப்பதை முதலில்
பன்னிரண்டு டெசிபெல் பெரிதாக்கிக் கேட்பது.

இருநூற்றைம்பதில் தேவாலயத்துப் பலகைகள் பொருமின.
நானூற்றுப் பத்தில் எல்லோருக்கும் ஜலதோஷம்.
“அங்கேதான்!” என்றார்.
எழுநூற்றில் தகர வாளி. “அங்கேயும்!”
மூவாயிரத்தில் முன்வரிசை விர்வே,
கண்ணாடியில் கரண்டி உரசுவதுபோல.
விர்வே ஹெய்னோவின் மனைவி.
அவர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஏழாயிரத்தில் சொற்களே இல்லை,
இருபத்து மூன்று நாக்குகளின் ‘ஸ்’ மட்டும்.

பெரிதாக்கினால் சகிக்கும்படியான இடம்
ஒரு குரலிலும் இல்லை போலிருக்கிறது.

தோண்டினேன். ஆறு கிணறு, ஏழு கிணறு.
சால்மேயோடு சேர்ந்து
யாராவது ஒருத்தி விழுந்துகொண்டே இருந்தாள்.
மார்யு விழுந்தாள்.
கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து பாடிய
கைடி விழுந்தாள்.
தேவாலயத்தின் கூரைகூடக் கொஞ்சம் தாழ்ந்தது.
முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட
ஒருமுறை அணைத்தேன்.
அந்த நேரம் பார்த்துக் கெட்டில் கூவியது.

தேநீருக்குப் பிறகு நுணுக்கமான வேலை.
கால் டெசிபெல். அரை.
“கொஞ்சம் குறை. ஐயோ, அவ்வளவு வேண்டாம். அப்படியே வை.”
கண்ணை மூடிக் கேட்டார்.
நானும் மூடினேன்.
நாற்பது நிமிடம் இப்படி, இரண்டு வளர்ந்த ஆண்கள்.

“போய்விட்டாள்” என்றார் மெதுவாக.
போய்த்தான் இருந்தாள்.
சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் கேட்டது:
தூணுக்குப் பக்கத்தில்
ஓர் ஆள் அகலத்துக்குக் காலியிடம்.

கண்ணைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.
மூலையில் அந்தச் சின்னப் பொத்தான், சாம்பல் நிறத்தில்.
பைபாஸ்.
ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போகும் சாலைக்கும் அதே பெயர்தான்.
நாற்பது நிமிடமாகப் பாட்டு
எங்கள் கிணறு ஒன்றையும் எட்டிப் பார்க்காமல்
வெளியே வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.
“சேமிக்கவா?”
“சேமி. ஆல்ட்டோ வரிசை இப்போது
எவ்வளவு கனமாக நிற்கிறது பார்த்தாயா?”
பார்த்தேன் என்றேன்.
ஆறு இருபது ரூபாய்த்தாள் அளவில் யூரோத்தாள்கள்,
எச்சில் தொட்டு எண்ணி வைத்தார்.

கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று
படியில் ஓடினார்.
ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன்.
இரண்டாம் எண், கொஞ்சம் தாமதமாக,
விளக்கோடு வந்து நின்றது.
குல்லாவைக் கழற்றி
ஓட்டுநர் இருக்கைப் பக்கம் ஏதோ சொன்னார்.
கதவு பெருமூச்சுவிட்டு மூடியது,
சுமார் ஏழாயிரம் ஹெர்ட்ஸில்.